ரப்பர் கடல்நாய்

அன்புள்ள நெரினா,

இந்தக் குளிர்காலத்தில் இன்று காலைதான் முதல் சுறா வந்தது. சுறா நிஜமென்று நம்பிப் பாயட்டும் என்று, நீ ரப்பரில் வெட்டித்தந்த அந்தக் கடல்நாயைக் கயிற்றில் கட்டி, தீவைச் சுற்றிப் படகின் பின்னால் இழுத்துக்கொண்டு போனோம். "இன்னைக்காவது கை நடுங்காம படம் எடுப்பியாடா?" என்று படகோட்டி காரல் சீண்டினான்.

நடுங்கவில்லை. வெள்ளைச் சுறா முழு உடம்போடு தண்ணீரைவிட்டு எழும்பி, ரப்பரைக் கவ்வி, துப்பிவிட்டு விழுந்தது. படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

"இன்னொரு வாட்டி வருமா?" என்று சுறா பார்க்க வந்திருந்த ஒரு பயணி கேட்டாள்.

"அதான் கடிச்சுப் பாத்துருச்சேம்மா. இனி எவ்ளோ இழுத்தாலும் இந்தப் பக்கம் திரும்பாது," என்றான் காரல்.

ஆனாலும் கரைசேரும்வரை எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

வீட்டு அலமாரியில் இப்போது மது பாட்டில் எதுவும் இல்லை. போன தடவையும் இதையேதான் எழுதினேன். நீயும் நம்பி வந்தாய், அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாய். இந்தத் தடவை உண்மை.

நீ எந்நேரம் வந்தாலும் திறந்திருக்கட்டும் என்று பின்கதவைத் தாழிடாமலே விட்டு வைத்திருந்தேன். படகிலிருந்து வந்ததும் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.

இன்னமும் உன் கணவன்