மகள் நடக்கிறாள், நான் எதுவும் போடக்கூடாது

டிசம்பர் 11
இன்று என்னால் மலேசிய அணிக்கே தலைகுனிவு. தென்கிழக்காசிய நாடுகளின் 'சீ' விளையாட்டுப் போட்டிக்குப் போயிருக்கும் என் மகள் ஷர்மினி, அங்கே தங்கியிருக்கும் அறையிலிருந்து தன் படம் ஒன்றை அனுப்பினாள். பெருமை தாங்காமல் ஃபேஸ்புக்கில் போட்டேன். பின்னால் கட்டிலில் இன்னொரு வீராங்கனை வாயைத் திறந்து தூங்குவது எனக்கு எங்கே தெரிந்தது? போர்வை மூட்டை என்று நினைத்தேன்.

மாலையில் ஷர்மினி போனில் கூப்பிட்டாள். "மத்தவங்க படத்தை அவங்க சம்மதம் இல்லாம போடக்கூடாதுப்பா. டீம் ரூலுக்குக் கையெழுத்து போட்டிருக்கோம். இன்னொரு தடவை நடந்தா என்னை ஊருக்கு அனுப்பிருவாங்க லா."

"போட்டது நான்தானே?"

"வீட்டுல உள்ளவங்க போட்டாலும் எங்க தலையிலதான்."

அழிக்கப் போய் இன்னொரு முறை பகிர்ந்துவிட்டேன். என் மனைவி குமுதா கைப்பேசியைப் பிடுங்கி அழித்தாள்.

டிசம்பர் 12
எதுவும் போடவில்லை. சோற்றைக்கூடப் படம் எடுக்கவில்லை.

டிசம்பர் 14
பயிற்சியில் ஷர்மினிக்குக் கணுக்கால் பிசகிவிட்டதாம். வீங்கியிருக்கிறது. நாளை மறுநாள் பத்தாயிரம் மீட்டர் வேகநடை.

"அடிபட்டதை வெளிய சொல்லக்கூடாதுன்னு ரூல் இருக்கு. போட்டி முடிஞ்சாலும் டீம் சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கப்பா."

சரி என்றேன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவன் நான். இவ்வளவு பெரிய ரகசியத்தை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை.

டிசம்பர் 16
ஒன்பது பேரில் ஒன்பதாவது. ஆனால் முடித்தாள். எப்படி வலித்திருக்கும் —

சாப்பாட்டுக் கடையில், என்னோடு தொழிற்சாலை பஸ் ஓட்டும் தேவன் ஃபேஸ்புக்கைச் சத்தமாக வாசித்தான். "'நடக்கத் தெரியாதவளை ஏன் அனுப்புனாங்க, ஊர் சுத்தவா'ன்னு ஒருத்தன் எழுதியிருக்கான் அண்ணே. பதில் போடுங்க லா. அப்பன்தானே நீங்க?"

அப்பன்தான்டா. அதனாலதான் போடல.

இதையும் சொல்லவில்லை. நுரை பொங்க ஆற்றிக் கொடுத்த தே தாரேக் டீயை ஒரே மடக்காகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 17
தேவனோடு டீத்தண்ணி குடிக்கப் போகவில்லை. வயிறு சரியில்லை என்றேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 21
ஈப்போ பஸ் நிலையத்தில் வந்து இறங்கினாள். காலைத் தாங்கித் தாங்கி வந்தாள். பையை வாங்கிக்கொண்டு, மூட்டுவலி எனக்குத்தான் என்பதுபோல மெதுவாக நடந்தேன்.

காரில் கேட்டாள். "அந்தக் கமெண்டெல்லாம் படிச்சீங்களாப்பா?"

"பாஸ்வர்ட் மறந்துபோச்சும்மா."

"நல்லதாப் போச்சு," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நூற்று நாற்பத்து மூன்று கமெண்ட். எல்லாவற்றையும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.