சம்மதம் என்று ஒரே பொத்தான்

அன்பு மாளு,

நீ போனை எடுப்பதில்லை என்பதால் இந்த ராஜாங்கக் கடிதம்.

விண்டோஸ் போடாத லேப்டாப் வேண்டுமென்றாய். தாம்பரத்தின் மீது படையெடுத்தேன். நானூறு கடைகள் நடுங்கின, ஒன்றும் பணியவில்லை. கடைசிக் கடைக்காரர் சொன்னார்: "சார், அது உள்ளயே போட்டு, விலையோட சேர்ந்துதான் வரும்."

"வேண்டாததுக்கு நான் ஏன்யா காசு குடுக்கணும்?"

"எல்லாரும் குடுக்கறாங்களே சார்."

சரணடைந்து வாங்கி வந்தேன். திறந்தால், இங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை நீளும் நிபந்தனைகள். அடியில் 'சம்மதம்' என்று ஒரே பொத்தான். மறுக்கப் பொத்தானே இல்லை. மூன்று நாளாக அதன்முன் சிறைப்பட்டிருக்கிறேன். "அழுத்தித் தொலைங்கோளேன், ஊரே அழுத்தறது" என்கிறாள் உன் சித்தி.

ஆவணியில், உன் நிச்சயதார்த்தத்தில், நானும் அதையேதான் உன் காதில் சொன்னேன். "தலையாட்டிடு மாளு, எல்லாரும் ஆட்டினவாதான்." நீ ஆட்டினாய். நான் எழுந்து கம்பீரமாக லக்னப் பத்திரிகை வாசித்தேன். அதற்குப் பிறகு நீ சிறுசேரி ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வரவேயில்லை.

நாளை லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்படியே உன் அப்பாவைப் பார்க்கப் போகிறேன். அறுபது வருடத்தில் அண்ணாவிடம் ஒன்றையும் மறுத்ததில்லை. இப்போதே கண்ணாடி முன் நின்று 'முடியாது' என்று கர்ஜித்துப் பழகுகிறேன்.

தை முகூர்த்தத்துக்கு நாள் இருக்கிறது. சம்மதமில்லை என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. பத்திரிகையை வாசித்தவன் நான். அதையும் சபையில் நானே வாசிக்கிறேன்.

பொத்தானை இன்னும் அழுத்தாத,
உன் சித்தப்பா