கடலுக்குள் தள்ளிய கோடு

பிப்ரவரி 4, செவ்வாய்

பள்ளிக்கூடச் சமையலறையில் இன்று பதினேழு ஸ்பூன் குறைகிறது. எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ராத்திரி தலையணைக்கு அடியில் ஸ்பூன் வைத்துப் படுத்தால் பனி கொட்டும், லீவு விடுவார்கள் என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளின் நம்பிக்கை. தட்டோடு வரிசையில் வந்த ஒவ்வொன்றும், "மார்ஜி ஆன்ட்டி, திங்கக்கிழமை லீவு உண்டா?" என்று ஒரே நச்சு. இவர்களைச் சொல்லி என்ன, ஐம்பத்தாறு வயதில் எனக்கும் அதே பைத்தியம்தான். டிசம்பர் போச்சு, ஜனவரி போச்சு, எங்கள் ஊர் பெம்பர் பாயின்டில் மொத்தமே இரண்டு அங்குலம் பனி. வெட்கக்கேடு.

சனிக்கிழமை தெற்கே கரோலினா பக்கம் ஒரு புயல் பிறந்து கடலோரமாகவே இங்கே ஏறி வரும் என்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து ஆசையில் சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

மூன்று கம்ப்யூட்டர் கணிப்புகள். பனிக்கும் மழைக்கும் நடுவே ஓடும் கோட்டை இரண்டு கணிப்புகள் நம் துறைமுகத்தின் மேலேயே போடுகின்றன. ஒன்று மட்டும் கடலுக்குள் தள்ளுகிறது. கோடு கடலில் நின்றால் நமக்குக் காய்ந்த பனி. மாவு மாதிரி, ஊதினால் பறக்கும், இருபது அங்குலம் சேரும். ஊர் மேல் வந்தால் ஈரப்பனி. களி மாதிரி மரத்திலும் கரண்ட் கம்பியிலும் அப்பிக்கொள்ளும். அறுபது மைல் காற்று அடித்தால் அப்புறம் ஒன்றும் நிற்காது.

வேலை முடிந்து படகுத்துறைக்குப் போய், வாளியில் கடல் நீர் மொண்டு பார்த்தேன். நாற்பத்து நான்கு டிகிரி ஃபாரன்ஹீட். பிப்ரவரிக்கு இது ரொம்பச் சூடு. இந்தக் கடல் மேல் வீசி வரும் காற்று பனியை எங்கே காயவிடும்?

பிப்ரவரி 6, வியாழன்

கடைசி வரைபடம் போடும் நாள். இணையத்தில் எங்கள் வானிலைக் குழுவில் என்னைப் போன்ற பைத்தியங்கள் முந்நூறு பேர். வரைபடம் போடுகிறவர்கள் நாலே பேர். மாலை ஐந்துக்குள் போட வேண்டும், போட்டபின் திருத்தக்கூடாது. இருபது வருஷமாக யாரும் திருத்தியதில்லை.

போட்டுவிட்டேன். கோடு கரையிலிருந்து எட்டு மைல் தள்ளி, கடலுக்குள். நமக்குப் பதினெட்டு முதல் இருபத்திரண்டு அங்குலம். ஒரே கொண்டாட்டம், இதயக்குறியாகக் கொட்டுகிறார்கள். டெஸ்மண்ட் எழுதினான்: "மார்ஜி போட்டா அதுதான் கோடு."

நாற்பத்து நான்கு டிகிரியை நான் எழுதவில்லை. மறந்துவிட்டேனா?

மறக்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

மத்தியானம், பாத்திரம் கழுவும்போது டெஸ்மண்ட் போன். நண்டு பிடிக்கப் போய்க்கொண்டிருந்த ஆள், இப்போது படகை விற்றுவிட்டு வீட்டில் இருக்கிறான். வரைபடம் போடும் நால்வரில் அவனும் ஒருத்தன், ஆனால் கோட்டை மட்டும் என்னைப் பார்த்துத்தான் போடுவான்.

"ஐலீனை மலைப்பக்கம் அவ தங்கச்சி வீட்டுல கொண்டு விட்டுடலாம்னு இருந்தேன். உன் மேப்பைப் பாத்தேன். காய்ஞ்ச பனி கம்பியில ஒட்டாது, கரண்ட் போகாது. வீட்டுலயே இருந்துக்கறோம்."

ஐலீன் அவன் மனைவி. நுரையீரல் போய்விட்டது. ஆக்சிஜன் மிஷின் கரண்டில் ஓடினால்தான் அவளுக்கு மூச்சு. கைவசம் இருக்கும் சிலிண்டர் எட்டு மணி நேரம் வரும். அவர்கள் இருப்பதோ துறைமுகத் தெரு. அலை ஏறிவிட்டால் ஆம்புலன்ஸ் உள்ளே வராது.

நான் சொன்னது என்ன? "ம்ம்." அவ்வளவுதான். ம்ம் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவினேன். கடவுளே, என்ன ஜென்மம் நான். பனி வேணும், பனி வேணும்னு... ஒருத்தி மூச்சைப் பணயம் வச்சா ஆசைப்படறது?

பிப்ரவரி 8, சனி

எட்டு மணிக்கே அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். டெஸ்மண்ட் கடல் பார்த்த ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன, பனி விழறதுக்கு முன்னாடியே அளக்க வந்துட்டியா?"

"டெஸ், அந்தக் கோடு பொய்."

"ஆங்?"

"கடல் தண்ணி நாப்பத்தி நாலு. புதன்கிழமையே பாத்தேன், எழுதல. பனி வேணுங்கற ஆசையில கோட்டைத் தள்ளி வச்சுட்டேன். அது இங்கதான் வந்து நிக்கும். உங்க தெருவுல."

சுத்தியலைக் கீழே வைத்தான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நேத்து போன்ல சொன்னேனே. அப்ப வாயில என்ன வச்சிருந்த?"

"பயமா இருந்துச்சு."

"எதுக்கு? முந்நூறு பேர் சிரிப்பாங்கன்னா?"

ஆமாம். அதுக்குத்தான். வேறெதற்கும் இல்லை.

"இப்ப மட்டும் உன்னை எப்படி நம்பறது? மூணு மணி நேரம் அவளைக் கார்ல அலைக்கழிச்சு, இங்க ஒண்ணும் ஆகலைன்னா?"

"என் மூஞ்சில துப்பு."

உள்ளேயிருந்து ஐலீன் வந்தாள், மூக்கில் குழாயோடு. "உங்க சண்டையை அப்புறம் போட்டுக்கலாம். டெஸ், கார் சாவி எங்க?"

மிஷினையும் சிலிண்டரையும் நான்தான் தூக்கிக் காரில் வைத்தேன். டெஸ்மண்ட் என்னைப் பார்க்காமலே வண்டியை எடுத்தான். மணி ஒன்பதரை. வீட்டுக்கு வந்து என் வரைபடத்தை ரத்து செய்கிறேன் என்று, காரணத்தோடு, குழுவில் எழுதினேன். "சத்துணவு நிபுணர் சூப்பை மட்டும் பாத்துக்கட்டும்" என்று ஒருத்தன். சிரித்தவர்கள் எழுபது பேர்.

மூன்று மணிக்கு முதல் பொட்டுப் பனி. காற்று திரும்பிக் கடல் பக்கமிருந்து வீசுகிறது. போய்ச் சேர்ந்தார்களா? தகவல் இல்லை. நானாகப் போன் செய்ய முகம் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

துறைமுகத் தெருவில் விடியும் முன்பே கரண்ட் போய்விட்டது. மூன்று கம்பம் சாய்ந்திருக்கிறது, முழங்கால் அளவு கடல் நீர்.

என் வீடு அங்கிருந்து ஒன்றேகால் மைல் மேட்டில். இங்கே காய்ந்த பனி. எவ்வளவு அழகான பனி! ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் பனியைப் பலகையில் அளக்க வேண்டும். பதினோரு வருஷமாக ஒரு தடவைகூட விட்டதில்லை. இன்று வெளியே போகவே இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

லீவு. போன் வரவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

டெஸ்மண்டிடமிருந்து ஒரு வரி: "அவ நல்லா இருக்கா." குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தனியாக இருப்பவளுக்குக் கதவு எதற்கு?

பிப்ரவரி 14, வெள்ளி

துறைமுகத் தெருவுக்கு இன்றைக்குத்தான் கரண்ட் வந்தது. ஐந்து நாள். கையிருப்பு எட்டு மணி நேரம். இதையே திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடையில் டெஸ்மண்டைப் பார்த்தேன். தலையை அசைத்தான். ரொட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பிப்ரவரி 27, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு புயல். நான் வரைபடம் போடவில்லை. நான்கு மணிக்கு ஐலீன் போன் செய்தாள்.

"டெஸ் கேக்கச் சொன்னானா?"

"அவனா? அவன் இப்ப டிவியில சொல்றதைத்தான் கேக்கறான். நான்தான் கேக்கறேன். கோடு எங்க வரும்?"

இரண்டு கணிப்பு கடலுக்குள் வைக்கிறது, ஒன்று ஊர் மேல். பழைய மார்ஜியாக இருந்தால் வாய் ஓயாமல் பேசியிருப்பேன்.

"எனக்குத் தெரியல ஐலீன். நிஜமாவே தெரியல. நீ கெளம்பிடு."



"பெட்டி கட்டி வாசல்ல வச்சாச்சு," என்றாள். "நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான் போன் பண்ணேன்."