மாடியில் ஒரு மின்புல மீட்டர்

அக். 10, வெள்ளி
காலை வெயில். மாடி மீட்டர் +90. பழைய ஃபேன் மோட்டாரில் நானே செய்தது, இன்னும் ஓடுகிறது.
பூமிக்கு எதிர் மின்னூட்டம், மேலே காற்றுக்கு நேர். வெயில் நாளிலும் தரையிலிருந்து ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் நூறு வோல்ட் போல; என் கருவி காட்டுவது அதைத்தான். எங்கெங்கோ இடிக்கிற மழைதான் இதை வற்றாமல் வைத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் சொன்னேன். "பரீட்சைக்கு வருமா மிஸ்?" வராது.
பள்ளி விட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும்முன் கால் கிலோ பால்கோவா. யாருக்கு என்று ராஜபாளையம் வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசனை.

அக். 11, சனி
லீவு. மதியம் வரை பேசியது பால்காரரிடம் மட்டும்.
நாலு மணிக்கு மீட்டர் திடீரென்று −2000. கழித்தலில் போனால் மேலே இடிமேகம். பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். கொத்தனார் முருகையாவும் சித்தாள் மாரியும் மூன்றாம் மாடியில், கம்பிகளுக்கு நடுவே. கூப்பிட்டு இறங்கச் சொன்னேன். இறங்கினார்கள். ஒரு மணி நேரம். ஒரு சொட்டு இல்லை.
"தீபாவளிக்குள்ள தளம் போடணும் டீச்சர். உங்க மிஷினை நம்புனா பொங்கல்தான்." கொத்தனார் சிரித்தார். மாரியும். நானும் சிரித்து வைத்தேன். கதவைச் சாத்திய பிறகும் முகம் சுட்டது.

அக். 13, திங்கள்
+100. மேகமில்லை. பேட்டரி மாற்ற வேண்டும்.
அண்ணனுக்குப் போன். "பொறவு பேசுதேன், மீட்டிங்." தீபாவளிக்கு வருகிறாயா என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அக். 14, செவ்வாய்
5.10க்கு வீடு. மீட்டர் −3000, இன்னும் இறங்குகிறது. மலைப்பக்கம் கறுப்பு. தலைக்கு மேல் வெளிச்சம்தான். கொத்தனாரும் மாரியும் கட்டடத்தின் மேலே.
வாய் திறக்கவில்லை. சனிக்கிழமைச் சிரிப்பு. பார்ப்போம் என்று நின்றேன். இரண்டு நிமிடம் இருக்கும். −5000. பிறகுதான் கத்தினேன்.
மாரி உடனே ஓடினாள். "அண்ணே, வாங்க, வாங்க." கொத்தனார் கையிலிருந்த கம்பியை வைத்துவிட்டுப் படி வரை வந்துவிட்டார். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக. கட்டடத்தை ஒட்டி நின்ற தென்னையில் இடி விழுந்தது. அவர் படியில் உருண்டு கிடந்தார். மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ்.
தெருவில் ஒரே பேச்சு. "டீச்சர் மட்டும் கூப்பிடலைன்னா ரெண்டு உசுரும் போயிருக்கும்." குடிவந்த நாளிலிருந்து என்னிடம் யாரும் இவ்வளவு பேசியதில்லை. ஒரு வீட்டிலிருந்து இட்லி வந்தது. இரண்டு நிமிடத்தைச் சொல்லவில்லை.

அக். 15, புதன்
மழை. மீட்டர் பார்க்கவில்லை.

அக். 16, வியாழன்
பள்ளி விட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி. கொத்தனாருக்கு இடது கால் முறிவு. ஒரு காது கேட்கவில்லை, போகப் போகத் தெரியுமாம். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் காப்பாத்துனீக."
"எனக்கு முன்னாலயே தெரியும். ரெண்டு நிமிஷம் கூப்பிடாம நின்னேன்."
கொத்தனாரின் கேட்காத காதுப் பக்கம் நின்று சொல்லியிருக்கிறேன். "என்ன சொல்லுதீக?" என்றார். கட்டிலைச் சுற்றி வந்து மறுபடி சொன்னேன். மனைவி அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.
"எதுக்கு நின்னீக?" கொத்தனார் கேட்டார்.
"சிரிப்பீங்கன்னு."
"சிரிச்சுத்தான் இருப்பேன்" என்றார். பிறகு நல்ல காலை ஒதுக்கி, கட்டில் ஓரத்தைத் தட்டினார்.
"உக்காருங்க டீச்சர். எம்புட்டு நேரம் நிப்பீக."