உன் அம்மா சரிசெய்த பேனா

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இந்த வாரம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சுகம். காரணத்தை ஆற அமரச் சொல்கிறேன்.

என் பழைய பிஸ்டன் பேனா உனக்கு நினைவிருக்கும். அச்சகத்தில் பிழை திருத்திய காலமெல்லாம் என் சட்டைப்பையில் இருந்தது. வால் பக்கத்துத் திருகைச் சுழற்றினால் உள்ளே இருக்கும் தக்கை மேலேறி மையை உறிஞ்சும். பல வருடம் சும்மா கிடந்ததில் திருகு இறுகிவிட்டது. குறட்டால் பிடித்து முறுக்கப் போனேன். "விடுங்க. உள்ளே தண்டு ஒடிஞ்சா அப்புறம் யார் கால்ல விழுந்தாலும் சரியாகாது" என்று உன் அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

பக்கவாதம் வந்தபின் அவள் கருவி எதையும் தொட்டதில்லை. ஆலையின் தையல் இயந்திரங்களை எல்லாம் பழுதுபார்த்துக் கட்டி மேய்த்தவள், வீடியோவில் உன்னோடு பேசும்போது வலது கையைத் துண்டுக்கு அடியில் ஒளித்துக்கொள்வாள். பயிற்சிக்கென்று கொடுத்த ரப்பர் பந்தை, "நான் என்ன குழந்தையா" என்று அலமாரி மேல் போட்டுவிட்டாள்.

பேனாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டாள். காய்ந்த மை நூல் நூலாகக் கரைந்து வந்தது. எனக்குப் பொறுமையில்லை; அவள் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தாள். மறுநாள் திருகு தானாக இளகிற்று. பிரித்துப் பார்த்தால் தக்கை சுருங்கி உதிர்ந்து கிடந்தது. பாட்டில் மூடித் தக்கையிலிருந்து இடது கையாலேயே புதிதாக ஒன்று வெட்டினாள். பிடித்துக்கொள்ள நான். "ஆடாம பிடிங்க. எழுத்துப் பிழையை மட்டும் பிடிச்சா போதுமா?" என்று திட்டும் வாங்கினேன். உப்புத்தாளில் தேய்த்து, உருகிய மெழுகில் ஊறவைத்து உள்ளே பொருத்தினால், அது தளர்ந்து ஆடியது. முகம் சுளிக்காமல் இன்னொன்று வெட்டினாள்.

அதைத் தேய்க்கும்போதுதான் கவனித்தேன். உப்புத்தாள் வலது கையில் இருந்தது. எப்போது மாறியதோ தெரியாது. அவளுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. என் கண்ணே பட்டுவிடுமோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசியில் தக்கை பொருந்தியதும் பேனா முனையை மைப்புட்டியில் முக்கித் திருகை அவளே சுழற்றினாள். விரல்கள் நடுங்கி வழுக்கின. புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி சுழற்றினாள். "ஏறுது பாருங்க" என்றாள். எத்தனையோ பெரியவர்களின் எழுத்தை இந்தப் பேனாவால் திருத்தியிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத கர்வம் எனக்கு அன்று வந்தது.

அவளைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீ சொன்னது அவளை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இந்தக் கடிதத்தோடு இருக்கும் சீட்டு அவள் இதே பேனாவால் கைப்பட எழுதியது. வேலையை விடாதே என்று எழுதியிருக்கிறாள். இரண்டு இடத்தில் புள்ளி விட்டுப்போயிருக்கிறது. நான் திருத்தவில்லை. நீயும் எழுத்து கோணல் என்று வாய் தவறிச் சொல்லிவிடாதே.

அவள் சொன்னபடியே செய், மகளே. நீண்ட விடுமுறை ஏதாவது கிடைத்தால் மட்டும் யோசித்துப் பார். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. நீ எங்கிருந்தாலும் நன்றாயிருக்க வேண்டும்.

பாசமுடன்,
அப்பா