அவள் கேட்கச் சொன்ன கேள்வி

கட்டுகஸ்தோட்டை
12.07.2024

அன்பு மகள் துஷானிக்கு,

அப்பா எழுதுவது. மன்னார் வெயிலில் நீயும் உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகன் துணை. இங்கே நேற்றும் மழை. கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள். அவள் காதுபட இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவின் இடது மார்பில் இருப்பது புற்றுநோய்தான். சதை எடுத்துப் பார்த்த ரிப்போர்ட் திங்கட்கிழமை வந்தது. 25ஆம் திகதி வியாழக்கிழமை ஒப்பரேஷனுக்குப் பெரியாஸ்பத்திரியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். கக்கத்துக்கும் பரவியிருக்கிறதாம். இனியும் தள்ளிப்போட்டால் தங்களால் ஒன்றும் செய்யமுடியாது என்று டாக்டரம்மா என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். உன் அம்மாவோ வரமாட்டேன் என்கிறாள். "போன வருஷம் ஒரு டாக்டர் ஒண்ணுமில்லேன்னாரு, இந்த வருஷம் ஒரு டாக்டர் வெட்டணுங்கிறாங்க. நான் யாரை நம்புறது?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விடுகிறாள்.

அந்தப் போன வருஷக் கதையைத்தான் எழுத வந்தேன்.

நாற்பத்தைந்து வயதுப் பெண்களுக்குச் சோதனை என்று மிட்வைப் மிஸ் வீடு தேடி வந்து, கிளினிக்குக்கு வரச்சொல்லித் துண்டுச்சீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். புசல்லாவைத் தோட்டத்தில் வளர்ந்த உன் அம்மாவுக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும், உனக்குத் தெரியுமே. துணைக்கு நான் போனேன். பஸ்ஸில் வைத்து மெதுவாக, "இடது பக்கம் அவரைக்கொட்டை மாதிரி என்னமோ தட்டுப்படுதுங்க. டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றாள். சரி சரி என்றேன்.

அங்கே போனால், டாக்டர் உன்னைவிட நாலைந்து வயது மூத்த ஆண்பிள்ளை. வரிசையில் என் ஆபீஸ் ஆட்களின் மனைவிமார் மூன்று பேர். பிரஷர், சீனி எல்லாம் பார்த்த பிறகு நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, மார்பில் கட்டி ஏதும் தெரிகிறதா என்று அவளிடம் கேட்கச் சொன்னார். திரைக்குப் பின்னால் டாக்டர் பார்ப்பார் என்றும் தானும் கூடவே நிற்பதாகவும் சொன்னார். அத்தனை பேர் முன்னால்! எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அவளிடம் நான் கேட்கவே இல்லை. ஒன்றுமில்லை, பார்க்கத் தேவையில்லை என்று நானே சிங்களத்தில் சொல்லிவிட்டேன். நர்ஸ் இரண்டாம் தரமும் கேட்டார். இரண்டாம் தரமும் அதையேதான் சொன்னேன். பெரிய மனுஷன் இல்லையா நான்! வெளியே வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள். "ஒண்ணுமில்லையாம், இந்த வயசுல அப்படித்தான் இருக்குமாம், வா" என்றேன்.

துஷானி, எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. சொன்னவன் நான்.

அன்றைக்கு அவள் நிம்மதியாகச் சந்தியில் இறங்கி இரண்டு முழம் பூ வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு வருஷமும் இரண்டு மாதமும் என் வாய்ச்சொல்லை நம்பி இருந்தாள். கட்டி இருந்த இடத்துத் தோல் உள்ளே இழுபட்ட பிறகுதான் எனக்குக் காட்டினாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் அவசரப்பட்டபோது, டாக்டர்தான் ஒன்றுமில்லை என்றாரே, ஏன் பயப்படுகிறீர்கள் என்று எனக்கே தைரியம் சொன்னாள். பாவம் உன் அம்மா, அவளுக்கு நான் இதைச் செய்திருக்கக்கூடாது.

நாளைக் காலையில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் இதைத் தபாலில் போடுவேன். ஆகவே இது உன் கைக்கு வந்தால், அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

நீயும் அங்கே கிளினிக்குக்குப் போய் உன்னைக் காட்டு. அம்மாவின் வியாதியையும் சொல். தனியாகவே போ. உனக்காகப் பதில் சொல்ல யாரையும் விடாதே.

கடிதம் கிடைத்ததும் அம்மாவோடு பேசு. அப்பாவை மன்னியுங்கள் என்று எனக்காகக் கேட்காதே, அதற்காக நான் எழுதவில்லை. அவள் என்னோடு பேசவேண்டாம், என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவேண்டாம். 25ஆம் திகதி காலையில் பஸ்ஸில் ஏறினால் போதும். அந்த வார்டில் தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவர் இருக்கிறார், நான் போய் விசாரித்துவிட்டேன். அவள் கேட்பதையெல்லாம் அவரே டாக்டரிடம் கேட்டுச் சொல்வார். நான் உள்ளே வரமாட்டேன், வாசலிலேயே நிற்பேன் என்று அவளுக்குச் சொல், மகள்.

உன் நலமே வேண்டும்
அப்பா
அழகர்