மருத்துவமனை வாசலில் காத்திருந்தவருக்கு

இன்று காலை வார்டில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு ஊசி போடக் கையைப் பிடித்தேன். நகக்கண்களில் கருஞ்சிவப்புச் சாயம். பட்டுக்குச் சாயம் போடுகிற கை என்று கேட்காமலே தெரிந்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. உங்கள் நினைவு வந்துவிட்டது.

நீங்களும் அப்படித்தான் வந்தீர்கள், மூன்று முறை. குடியை நிறுத்தியதால் வந்த நடுக்கமும் பிதற்றலும் ஐந்தாறு நாளில் அடங்கும். குடியை விட்டவர்கள் வாரந்தோறும் கூடும் இடத்தின் முகவரியைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புவோம். நீங்கள் அங்கே போனதே இல்லை. மூன்றாம் முறை நான் கடிந்துகொண்டபோது, தலை நிமிராமல் சொன்னீர்கள்:

"சீட்டு குடுக்கறீங்க சிஸ்டர், சரி. கேட்டத் தாண்டுனா வலது பக்கம் ஒயின்ஷாப்பு, இடது பக்கம் உங்க கூட்டம். தனியா போனா காலு வலது பக்கம்தான் போவுது."

பதினோரு வருடம் நர்ஸாக இருந்தும் அந்த வாசலுக்கு அப்பால் நான் யோசித்ததில்லை. அன்று டூட்டி முடிந்ததும் உங்களோடு நடந்தேன். கூட்டம் நடக்கும் கூடத்தில் யாரும் உங்களை எதுவும் கேட்கவில்லை. ஒருவர் டீ ஊற்றிக் கொடுத்தார், பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் வார்டுக்கு வந்து நின்றீர்கள். முகம் தெளிந்திருந்தது. "இன்னிக்கு யாராச்சும் வீட்டுக்குப் போறாங்களா?" என்று கேட்டீர்கள். அதிலிருந்து யாரை அனுப்பினாலும், கூட்டம்வரை அவரோடு நடக்க வாசலில் நீங்கள் இருந்தீர்கள். வெம்பாக்கத்து விவசாயி ஒருவர் கூட்டத்துக்கு வரவே மாட்டேன் என்றபோது, அவரோடு பஸ் ஏறி ஊர்வரைக்கும் போய், அங்குள்ள சுகாதார நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு வந்தீர்கள். அவர் இன்றும் குடிப்பதில்லை.

குடியை விட்ட ஆறாம் வருடம், சாயம் போடும் இடத்தில் ஈரத்தரையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டீர்கள். வெளியூரில் ஆபரேஷன். ஒரு சனிக்கிழமை போன் செய்தீர்கள். நான் சந்தவாசல் ஊரில் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இருந்தேன்.

"நாளைக்கு அனுப்பறாங்க சிஸ்டர். வலி தாங்கல. மனசும் ஒரு மாதிரியா இருக்குது. வர முடியுமா?"

திங்கட்கிழமை வீட்டுக்கே வருகிறேன் என்றேன். பரவாயில்லை, விசேஷத்தைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். கூட்டத்தில் யாரையாவது கூப்பிட்டு உங்களைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் தேறியவர் என்று நினைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை வந்தபோது உங்கள் மனைவி கதவைப் பாதி திறந்து நின்றார். உள்ளே நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். சாராய வாடை வாசல்வரை வந்தது. அதன்பிறகு நாங்கள் எத்தனை பேர் வந்தும் நீங்கள் முகம் கொடுக்கவில்லை.

நான்கு மாதத்தில் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி எங்கள் வார்டுக்கே வந்தீர்கள். ஈரல் முன்பே கெட்டிருந்தது என்றார் டாக்டர். கடைசி நாளன்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். நீங்கள் விடவில்லை.

"அத்த நெனச்சிகினு பேஜாரு பண்ணிக்காதீங்க. நாலாவது பெட்டுக்காரரு இன்னிக்குப் போறாராமே. கூட யாரு போறாங்க?"

நான்தான் போனேன். திரும்பி வந்தபோது உங்களுக்கு நினைவு தப்பியிருந்தது. விடிவதற்குள் முடிந்துவிட்டது.

துக்கம் விசாரிக்கப் போனபோது உங்கள் மனைவி என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. "ஆறு வருஷம் எங்கள நல்லா வெச்சிகினு இருந்தாரும்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது வாசலில் நிற்பதை வெம்பாக்கத்துக்காரரும் இன்னும் இரண்டு பேரும் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். குடியை விட்டுப் பல வருடம் ஆனவர்களுக்கு நான் வாரம் ஒருமுறை போன் செய்கிறேன். எல்லோரும் நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறார்கள். நான் உடனே வைத்துவிடுவதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.